துருவாந்தகனின் சொந்தக் குரல்

அக்காவின் குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்ததால்தான் ரூக்சார் அதைக் கண்டுபிடித்தாள்.

கைப்பேசியில் ஓடியது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர், 'ஏழாம் கோள்'. கோள்களை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டு வரும் வில்லன் துருவாந்தகன். தலையில் அலுமினியத் தாள் கிரீடம், காதைக் கிழிக்கும் அசுரச் சிரிப்பு. அந்த வேடத்தில் நடித்த ஆபேல் இதே சிட்லபாக்கத்தில், அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் அவள் தம்பி ஆசிப் குடியிருப்போர் சங்க ஹாலில் அந்தத் தொடரைத் திரையிடப் போகிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பதற்கென்றே.

சத்தம் போனதும் திரையில் வேறொரு ஆள் தெரிந்தார். மொழி தெரியாத ஊர்களில் முகங்களைப் படித்தே மூன்று வருஷம் சுற்றித் திரிந்துவிட்டு வந்தவள் அவள். பார்வை ஏமாறவில்லை. அந்த மனிதர் சிரிக்கவே இல்லை! உதடு கொஞ்சமாகத்தான் அசைந்தது. கோளை எரிக்கச் சொல்லும்போது, குடியிருந்த வீட்டை விற்றுச் சாவியைக் கொடுப்பவர் மாதிரி நின்றார்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

"அங்கிள், நீங்க சிரிக்கவே இல்ல!"

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஆபேல், ஷிப்ட் முடிந்து அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேற ஒருத்தர டப்பிங் பேச வெச்சிட்டாங்கம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. டிவியில பாத்துதான் எனக்கே தெரியும்."

"பொழிச்சலூர்ல எங்கம்மா வூட்டு ஜனம் மொத்தமும் இதப் பாக்கக் கூடியிருந்துச்சு," என்றார் அவர் மனைவி ரோஸி. "அத்தினி பேரும் சிரிச்சாங்க. அன்னிக்கு நடிப்ப விட்டவருதான். இன்னிக்கும் ட்ரெயின்ல எவனாவது கிண்டல் பண்ணா, அடுத்த பெட்டிக்கு மாறிக்கினு வராரு."

"ஞாயித்துக்கிழம வாங்க அங்கிள். ம்யூட்ல போடறேன். மைக்ல நீங்க பேசுங்க."

"மறுபடியும் சிரிப்பாங்க."

"சிரிச்சா நான் இந்த ஊரையே விட்டுப் போயிடறேன்."

"ஆமா, நீ ஊர விட்டுப் போறதுக்கு ஒரு காரணம் வேணுமாக்கும்!" என்றார் ரோஸி.

ஆபேல் வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறன்று ஹால் நிறைந்திருந்தது. ஊமைப்படமாகத் தொடர் ஆரம்பித்ததுமே "வால்யூம்!" என்று கூச்சல் கிளம்பியது.

"அக்கா, காமெடியே அந்தச் சிரிப்புதான். மானத்த வாங்காத!" என்று ஆசிப் ரூக்சாரின் கையிலிருந்த ரிமோட்டுக்குக் கை நீட்டினான்.

அவனுடைய மறு கையில் மைக் இருந்தது. பின்னாலிருந்து வந்த ஆபேல் அதை வாங்கிக்கொண்டார். திரையில் துருவாந்தகனின் உதடு அசைந்த அதே கணம், தாழ்ந்த, களைத்த ஒரு குரல் எழுந்தது.

"எரித்துவிடுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே யாரோ இன்னும் விளக்கை அணைக்கவில்லை."

ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

முதலில் குரல் கொடுத்தவன் ஆசிப். "ஒன்ஸ்மோர்!" என்றான். உடனே ஹாலே "ஒன்ஸ்மோர்!" என்று அலறியது, விசில் பறந்தது.

ஆபேல் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"முதல்லருந்தே போடும்மா," என்றார். "'பொறுங்கள்'ங்கிற எடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."