முருகன் ஸ்டிக்கருக்கு அடியில் எரிந்த விளக்கு

டுரியான் துங்காலில் குடியிருந்தபோது என் மகன் கைக்குழந்தை. அவனுக்கு இழுப்பு. நெஞ்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கினால் மலாக்கா டவுனில் உள்ள கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கணவர் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். அதனால் கார் என் பொறுப்பில் இருந்தது. பழைய ஜப்பான் கார். நாத்தனாரின் கணவர் பார்த்து வாங்கிக் கொடுத்தது. அவர் செலண்டாரில் வீட்டோடு சேர்த்துக் கார்ப் பட்டறை வைத்திருந்தார். எனக்கு அண்ணன் முறை.

சில நாட்களில் மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். சற்று நேரத்தில் எஞ்சின் செத்துவிடும். நான் பட்டறைக்குப் போவேன். அண்ணன் பொனட்டுக்குள் குனிந்து எதையோ கழற்றி மாட்டுவார். விளக்கு அணைந்திருக்கும்.

“ஒன்னும் இல்லம்மா. கிளட்ச்ச விடத் தெரியல உனக்கு. ஆம்பள ஓட்டுனா ஏன் நிக்க மாட்டேங்குது?”

கோயில் விருந்துகளில் அதையே வேடிக்கையாக்கினார். “தங்கச்சி சாவியப் போட்டா காருக்குக் காய்ச்சல் வந்துரும் லா.” எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். என் கால்மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசி முறை விளக்கு இருக்கும் இடத்தை மறைத்து ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டினார். “இனி அவரு பாத்துக்குவாரு.”

அதன் பிறகுதான் புக்கிட் பெருவாங் சிக்னலில் கார் செத்து நின்றது. பின் இருக்கையில் மகன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு லோரி ஹாரனை விடாமல் அழுத்தியது. அன்று மாலையே கணவரின் அம்மாவான அத்தை சாவியை வாங்கிக்கொண்டார். “பிள்ளைய வச்சிக்கிட்டு உனக்கு இந்த வேல வேணாம்.” கணவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அதிலிருந்து மகனுக்கு மூச்சிரைத்தால் டாக்சி கிடைக்கும்வரை வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அப்படி நின்ற நேரங்களில் எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

புக்கிட் பெருவாங்கில் ஒரு பட்டறையில் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். என் கார் எதுவென்று கேட்ட பட்டறை முதலாளியான தவுக்கே, “அதோட பிளக் இதுல சேராது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை,” என்று மலாயில் சொன்னார். நூலகத்தில் அந்த ரகக் காரின் பழுதுபார்க்கும் புத்தகம் இருந்தது. பள்ளியில் ஆறாம் படிவம்வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அகராதியோடு உட்கார்ந்தேன்.

கார் தன் கோளாறை நினைவில் வைத்துக்கொள்ளுமாம். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் சிறிய பிளக்கின் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், அதே மஞ்சள் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எண்ணைச் சொல்லும். நீண்ட சிமிட்டல் பத்து, குட்டிச் சிமிட்டல் ஒன்று. அடுத்த பக்கத்தில் எச்சரிக்கை போட்டிருந்தது: பேட்டரி வயரைக் கழற்றினால் நினைவு முழுவதும் அழிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் அண்ணன் கழற்றி மாட்டியது எது என்று அப்போது புரிந்தது. விளக்கு அதனால்தான் அணைந்தது; கோளாறு அப்படியே இருந்தது.

நாத்தனார் மகளின் காதுகுத்துக்குச் செலண்டார் போனோம். கணவர் ஓட்டினார். ஊருக்குள் நுழையும் இடத்தில் எஞ்சின் அவர் கையிலேயே செத்தது. ஒருவழியாகக் கிளப்பிப் பட்டறை வாசலில் நிறுத்தினார். விருந்தாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் ஸ்பானரோடு வந்தார்.

“என்னா மச்சான், பொண்டாட்டி ஓட்டி ஓட்டிக் கார நிக்கப் பழக்கிட்டாளா?”

“அண்ணே, பேட்டரியத் தொடாதீங்க,” என்றேன்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முருகன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். “அடியே, சாமிடி,” என்று அத்தை பதறினார். எனக்கும் பயம்தான். நான் படித்தது தப்பாக இருந்தால்? வேறு பிளக்கில் குத்திக் கம்ப்யூட்டரே எரிந்துபோனால்? உரித்த ஸ்டிக்கரை அண்ணனின் கையில் கொடுத்தேன். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தேன். வளைத்து வைத்திருந்த கம்பியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பிளக்கில் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

சில நொடிகள் ஒன்றுமே இல்லை. பிறகு விளக்கு நீளமாக ஒருமுறை சிமிட்டியது. தொடர்ந்து குட்டிக் குட்டியாக ஐந்து. திரும்பவும் அதே.

“பதினஞ்சு. இக்னிஷன் சிக்னல் அறுந்து அறுந்து போகுது. புத்தகத்துல இருக்கு. கிளட்ச்சுக்கு இதுல நம்பரே இல்லண்ணே.”

“இதெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா?” என்றார் அண்ணன், சுற்றிப் பார்த்தபடி.

அந்த வாக்கியத்துக்காகவே காத்திருந்தேன். “தெரிஞ்சேதான் சாமிய ஒட்டி மறைச்சீங்களா? பிள்ள பின்னால மூச்சு முட்டிக் கிடந்தான்.”

அவர் கையிலிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். தெரியும் என்றால் குற்றம், தெரியாது என்றால் பட்டறைக்கு அவமானம். கூட்டத்தில் யாரோ, “மாப்ள, கார விட உனக்குத்தான் காய்ச்சல் போல,” என்றார். சிரிப்பு பந்தலுக்குள் பரவியது. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மகளுக்குக் காது குத்தும் நாளில் இதைச் செய்திருக்க வேண்டுமா என்று இன்றும் சில சமயம் தோன்றும். தோன்றினாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் இனிக்கவே செய்கிறது.

அடுத்த வாரம் வேறு பட்டறையில் பழுதான பாகத்தை மாற்றினார்கள். வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் கணவர் சாவியை என்னிடம் நீட்டினார். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடனே வாங்கவில்லை. மகனுக்குச் சட்டை மாற்றினேன், தலை சீவினேன், பவுடர் போட்டேன். அவர் கை நீட்டியபடியே நின்றார்.