மௌன அஞ்சலியில் கேட்ட மூச்சு

இறந்தவர் மூச்சு விடுகிறார் என்று ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? எந்த மென்பொருளின் உதவிப் பக்கத்திலும் அது இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீடியோ கடையில் சத்தத்தைச் சீர்செய்வதுதான் என் வேலை. முதலாளி நிஸ்தார் நானா அக்குறணைக்காரர். அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நான் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் கொண்டுவருவதைக் கழுவித் துடைப்பேன். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா என்று இருந்தோம். கொஞ்சக் காலமாக மரண வீடுகளுக்கும் கூப்பிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வர முடியாதவர்களுக்கு வீடியோ போகிறது.

1. எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை

சத்த வேலைக்கு நாங்கள் பாவிப்பது ffmpeg என்ற இலவச மென்பொருள். அதில் பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு மூன்று ஃபில்டர்களைச் சொல்லிவிடுகிறேன். volumedetect அளக்கும், சத்தத்தில் கை வைக்காது. அதன் கணக்கில் பூச்சியம் உச்சம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். மைனஸ் கூடக் கூடச் சத்தம் குறைவு. அடுத்தது volume. நீங்கள் சொன்ன அளவுக்கு முழு ஃபைலையும் கூட்டும், அல்லது குறைக்கும். இதில் பூச்சியம் என்றால் இருந்தபடியே விட்டுவிடும். மூன்றாவது dynaudnorm. இது உங்களிடம் எதுவும் கேட்காது. எங்கே சத்தம் குறைகிறதோ அங்கே தன் பாட்டில் தூக்கிவிடும்.

நிஸ்தார் நானாவுக்கு இந்த மூன்றாவதில்தான் ஆசை. நான் லீவு போடும் நாட்களுக்காக அதை ஒரு கட்டளையாக எழுதி வைத்திருந்தார். அதுவும் நாற்பது டெசிபெல் வரை தூக்கலாம் என்று எல்லையைத் திறந்துவிட்டு! “கடைசி வரிசையில இருக்கிற மாமி சொல்ற வாழ்த்தும் கேக்கணுமே மிஸ்” என்பார். கல்யாண வீடியோவில் மாமியின் வாழ்த்து நன்றாகவே கேட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இறந்தபோது நான் லீவில் இருந்தேன். நானாவே போய் எடுத்து, அதே கட்டளையை ஓட்டி, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் புனிதாவுக்கு அனுப்பியும்விட்டார்.

நான் திரும்பி வந்த அன்று மத்தியானம் நல்ல மழை. அந்த அம்மாவின் மகன் யோகராஜ் குடையை மடக்காமலே கடைக்குள் வந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

“மிஸ், அம்மாட வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?”

“இல்லீங்க, நான் லீவுல இருந்தேன். என்ன பிரச்சினை?”

“தோட்டத் தலைவரு மௌன அஞ்சலின்னு சொல்றாரு பாருங்க, ரெண்டு நிமிஷம். அந்த எடத்துல அம்மா மூச்சு விடுறாங்க.”

நானா சிரிக்கப் போனார். யோகராஜின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

“தங்கச்சி சரியா சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. உசுரோட பொதச்சிட்டீங்கன்னு சொல்லுறா. குழியத் தோண்டிக் காட்டணுமாம், இல்லாட்டி பொலிசுக்குப் போவாளாம். டொக்டர் வந்து பாத்துத்தான் மரணத் துண்டு குடுத்தாருன்னு சொன்னேன். அப்ப மூச்சு விடுறது யாருன்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்லுவேன்? எனக்கும் கேக்குதே மிஸ்!”

குடையை மடக்கிக்கொண்டே, “அவளுக்குக் கடைசியா ஒரு வார்த்த பேசக் கெடைக்கல. போன்ல எடுத்தோம், லைன் கட்டாயிருச்சு. அதுதான் இப்புடி ஆயிட்டாளோ என்னமோ” என்றார்.

2. தலைமாட்டு ஃபைல்

வீடியோவைப் போட்டோம். தப்பு மேளம் அதிர்கிறது. தலைவர் கையைத் தூக்குகிறார். தப்பு நிற்கிறது. “எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லுங்க” என்கிறார். கூட்டம் தலை குனிகிறது. சில விநாடிகள் ஒன்றுமில்லை. பிறகு ஃபில்டர் தன் வேலையைத் தொடங்குகிறது. முதலில் ஒரு இரைச்சல் மெல்ல ஏறுகிறது. அதற்குள்ளிருந்து மூச்சு வருகிறது. இழுக்கிறது, நடுவில் தடைப்படுகிறது, விடுகிறது. திரையில் மாலைகளுக்கு நடுவே அந்த அம்மாவின் முகம் அசையாமல் இருக்கிறது. மூச்சு மட்டும் நம் காதுக்குள் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஹெட்போனைக் கழற்றி நானாவிடம் கொடுத்தேன். அவரும் காதில் வைத்துக் கேட்டார்.

“அஸ்தஃபிருல்லாஹ்” என்றார் நானா.

“நானா, இது உங்க மூச்சாத்தான் இருக்கும். கமராவுக்குப் பின்னால நின்னது நீங்கதானே” என்றேன். அப்படி இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நல்ல காலம், அவர் மூல ஃபைல்களை அழித்திருக்கவில்லை. சத்தம் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தது. ஒன்று கமராவில். மற்றது, தலைவரும் உறவினர்களும் நின்று பேசும் இடம் என்பதால் பெட்டியின் தலைமாட்டில் வைத்த சின்ன ரெக்கோர்டரில். அந்த மூச்சு வரும் இடத்தை இரண்டிலும் வெட்டியெடுத்து volumedetect போட்டேன். கமரா ஃபைலில் உச்சம் மைனஸ் அறுபத்தெட்டு. அதில் வெறும் இரைச்சல்தான். தலைமாட்டு ஃபைலில் மைனஸ் ஐம்பத்திரண்டு. கூட்டாமல் கேட்டால் காதுக்கு எட்டாது, ஆனால் இருக்கிறது. மூச்சு கமராப் பக்கமிருந்து வரவில்லை. பெட்டியின் தலைப்பக்கமிருந்து வருகிறது.

அளவு பொய் சொல்லாது என்று எத்தனையோ பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது பொய் சொல்லித் தொலைக்கட்டும் என்று இருந்தது. இந்த இலக்கத்தை யோகராஜிடம் சொன்னால் மறுநாள் மண்வெட்டியோடு போவார்கள். குழியில் அந்த அம்மாவின் உடலைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆனால் அண்ணனும் தங்கையும் அதன் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். சொல்லாமல் மறைக்கவும் மனம் வரவில்லை.

“பாத்தீங்களா மிஸ்?” என்றார் யோகராஜ்.

“பொறுங்க, இன்னும் முடியல.”

மூச்சை விட்டுவிட்டு, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் தலைமாட்டு ஃபைலிலிருந்து வெட்டினேன். நானாவின் ஃபில்டரை ஒதுக்கிவிட்டு, volume=40dB என்று கையால் கூட்டினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சரியான காரணம் இல்லை. அந்த மூச்சை இன்னொரு தடவை கேட்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு ராகம். மிகத் தூரத்தில், ஒரு ஆண் குரல் நீட்டி நீட்டி இழுக்கிறது. அந்தக் கூட்டத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களே!

நானா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பப் போடச் சொன்னார்.

“மிஸ், இது பாங்கு.”

“தோட்டத்துக்குக் கிட்ட பள்ளிவாசல் இருக்கா?”

“இல்ல. இருந்தாலும் இந்த நேரத்துல என்ன பாங்கு? ரெக்கோர்டர்ல மணிய பாருங்க, ரெண்டு இருபது. இங்க மத்தியானத் தொழுக ளுஹர் முடிஞ்சி எவ்வளவு நேரம்! அஸருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கெடக்கு.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, விரல்களை மடக்கினார். “குவைத் நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்க அப்ப பன்னெண்டு மணி ஆகப்போகுது. இது அங்கத்த ளுஹர் பாங்கு மிஸ்.”

நான் யோகராஜின் பக்கம் திரும்பினேன். “தங்கச்சிக்கு எடுத்த போன எங்க வச்சீங்க?”

“அம்மா காதுக்கிட்ட. மாலைக்கு உள்ளுக்கு. வர முடியாதவங்களுக்கு நாங்க அப்புடித்தானே செய்வோம்? ஏதாச்சும் சொல்லு புள்ளன்னுட்டு வச்சேன். அவ ஒண்ணுமே பேசல. பெட்டிய மூடுறப்ப எடுத்துப் பாத்தா கட்டாகியிருந்துச்சு...”

அவருக்கு விளங்கிவிட்டது. கதிரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

3. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை

புனிதாவை வொட்ஸ்அப்பில் எடுத்தோம். விளக்கம் சொல்லும் தைரியம் எங்கள் மூவருக்கும் இல்லை. அந்த இடைவெளித் துண்டை மட்டும் போட்டுக் காட்டி, “இது என்னன்னு தெரியுதா?” என்று நான் கேட்டேன்.

“இங்கத்த பாங்கு. தெனமும் கேக்குறதுதானே” என்றாள். பிறகு குரல் மாறியது. “இது எப்புடி அங்க?”

“மௌன அஞ்சலி நேரம் நீங்க எங்க நின்னீங்க?”

“வீட்டுக்குப் பின்னால, துணி காயப்போடுற எடத்துல. அண்ணன் பேசச் சொன்னுச்சு. எனக்கு வாயே வரல மிஸ். போன வாயோட வச்சிக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமப் போச்சு. லைன் கட்டாயிருச்சுன்னு...”

“கட்டாகல. அங்க எல்லாரும் மௌனமா நின்னாங்க, அதுதான் உங்களுக்குச் சத்தம் கேக்கல. போன் அம்மா காதுக்கிட்டத்தான் இருந்துச்சு. வீடியோவுல கேக்குறது உங்க மூச்சு.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதே மூச்சுத்தான் வந்தது. இழுத்து, நடுவில் தடைப்பட்டு, விட்டாள். யோகராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானாவும் பார்த்தார். மூல ஃபைலை மறுபடி போட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

“அப்ப அந்த நேரம் பூரா நான் அம்மாகிட்டத்தான் இருந்தேனா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“அண்ணே,” என்று கூப்பிட்டாள். “குழிய ஒண்ணும் தோண்ட வேணாம்.”

முழு வீடியோவையும் நான் திரும்பச் செய்தேன். dynaudnorm இல்லை, பேச்சு வரும் இடங்களில் மட்டும் volume. நானா தன் கட்டளையோடு மரண வீட்டுக்கென்று தனியாக ஒன்று எழுதிக்கொண்டார். இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள், மூல ஃபைலை அழிக்காதீர்கள். ஒரு இடம் அமைதியாக இருந்தால், அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து ஃபில்டரிடம் விட்டுவிடாதீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தைத் தனி ஃபைலாகத் தரும்படி புனிதா கேட்டாள். எவ்வளவு கூட்டட்டும் என்று கேட்டேன்.

“கூட்ட வேணாம் மிஸ். அம்மாவுக்கு எவ்வளவு கேட்டிருக்குமோ அவ்வளவு போதும்.”

அதற்கு என்னிடம் அளவு இல்லை. volume=0dB என்று தட்டி அனுப்பிவிட்டேன்.