காளான் பைகளில் பச்சைப் பூசணம்

என் நாத்தனார் கணவரை இழந்து ஆரணிக்குத் திரும்பி வந்த புதிதில் எங்களுக்குள் பேச்சு குறைவு. தறியில் உட்கார்ந்திருக்கும் தன் அண்ணனோடு ஏதாவது பேசுவாள். என்னிடம் தேவைக்கு ஒன்றிரண்டு வார்த்தைதான்.

அப்படிப்பட்டவள் ஒருநாள், வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஷீட் போட்ட அறையில் சிப்பிக் காளான் வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்டாள். அவளோடு படித்த ஒருத்தி தெள்ளாரில் வளர்க்கிறாளாம். சரி என்றேன். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, காளான் விதையோடு பாலிதீன் பைகளில் அடுக்கடுக்காகத் திணித்தோம். பைக்குள் வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடி வைக்கோலை மூட வேண்டும். அதன் பிறகுதான் காளான் முளைக்கும்.

அப்போது பங்குனி வெயில். காளானுக்குக் குளிர்ச்சி வேண்டுமே என்று போகும்போதும் வரும்போதும் அறையில் தண்ணீர் தெளித்தேன். கதவைத் திறந்தால் இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. அது தவறென்று இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு காலையில் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். அலமாரியில் இருந்த பைகளெல்லாம் பச்சைப் பூசணம் பிடித்திருந்தன. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆவுது, அண்ணி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நிற்கும்போது தலையில் இறங்கிய சூடு தரையில் இல்லை. வடக்குச் சுவரோரம், இடமில்லாமல் கீழே வைத்த இரண்டு பைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"இதுக்கும் அதே விதைதானே?" என்றேன்.

அவள் எழுந்து போய் அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். "இது கடைசியா கட்டினது அண்ணி. அதுக்குள்ள வைக்கோல்ல தண்ணி நல்லா வடிஞ்சிடுச்சி."

விதை மேல் குற்றமில்லை, அவள் கை மேலும் இல்லை. சொட்டும் ஈரமும் ஷீட்டின் சூடும் சேர்ந்த இடத்தில் பச்சைப் பூசணம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

கெட்ட பைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பினோம். காற்றோட்டத்துக்காக என் கணவர் சுவரின் அடியில் ஓட்டை போட்டு வலை கட்டினார். தறியில் இருக்கும் பட்டில் பூசணம் ஏறிவிடக் கூடாது, கதவைச் சாத்தியே வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வெயில் காலம் போகட்டும் என்று காத்திருந்தோம்.

மழை விட்ட கார்த்திகையில் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அவள் வைக்கோலைப் பிடிப்பிடியாக எடுத்துப் பிழிந்து பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஒரு சொட்டும் விழக் கூடாது. அறையில் ஒரு வெப்பமானியும் மாட்டினாள். வெயில் ஏறினால் சுவரோரம் ஈரச் சாக்கு தொங்கவிடுவாள், இறங்கினால் எடுத்துவிடுவாள்.

பைகள் எல்லாம் வெளுத்தன. பிறகு ஒருநாள் அடுப்படிக்கே ஓடி வந்தாள்.

"ஜல்தி வாங்க அண்ணி, மொளைச்சிகினு வருது."

கொத்துக் கொத்தாக வந்திருந்தது. சேர்ந்து உட்கார்ந்து பறித்தோம். பறித்துக்கொண்டே, முதல் முறையாகத் தன் கணவரைப் பற்றி என்னிடம் பேசினாள். அவருக்குக் காளான் என்றாலே ஆகாதாம், தட்டைத் தள்ளிவிடுவாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்று தெருவில் நாலு வீட்டுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாளே இன்னும் வேண்டுமென்று ஆட்கள் கேட்டு வந்தார்கள்.