கப்பியில் தொங்கிய மாதங்கள்

முதுகு கோணியிருப்பதை முதலில் கண்டவர் உம்மா. பெருநாளுக்குத் தைத்த சட்டையை எனக்குப் போட்டுப் பார்த்தபோது வலப்பக்கத் தோள்பட்டை பின்னால் துருத்தி நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி, எனக்குப் பன்னிரண்டு வயது. கண்டியில் புடவைக் கடை வைத்திருந்த வாப்பா, மறுநாளே கடையை மூடிவிட்டு என்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசன்மார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டை என் பிடரியிலிருந்து தொங்கவிட்டார். நூல் இடுப்பின் நடுவில் விழாமல் ஒரு பக்கம் விலகி விழுந்தது.

“கத்தி வைக்கிற அளவுக்கு இல்லை. இழுத்துப் பாப்பம்” என்றார்.

ஆசுபத்திரி உத்தரத்தில் ஒரு கப்பி. தாடையையும் பிடரியையும் தாங்கும் தோல்வாரில் தலையை மாட்டி, குதிகால் எழும்பும்வரை கயிற்றை இழுப்பார்கள். வலி அதிகமில்லை. பற்கள் இறுகிப் பேச முடியாமல் போவதுதான் எனக்குக் கஷ்டம். வாப்பா வீட்டிலும் ஒரு கப்பி கட்டினார். நான் தொங்கும்போது உம்மா முதுகைத் தடவி, “அல்ஹம்துலில்லாஹ், நேராயிட்டுது” என்று கண் கலங்குவார்.

மழைக்காலம் முடிந்ததும் டாக்டர் சோதித்தார். கயிற்றிலிருந்து இறக்கியவுடன் நூல் நடுவுக்குக் கிட்ட விழுந்தது. வாப்பா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

“பிள்ளையை வாவியைச் சுத்தி நடக்கவிட்டுக் கூட்டி வாங்கோ.”

நடந்து, கடலை தின்று, திரும்பி வந்தோம். நூல் பழைய இடத்திலேயே விழுந்தது.

“இழுக்கேக்க நிமிருது, விட்டால் திரும்பப் போகுது. கோணல் கூடவுமில்லை. ஆனா கயிறுதான் அதைத் தடுத்தது எண்டு நான் சொல்லமாட்டன்.”

“இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்தா?” என்றார் வாப்பா.

“கழுத்துத்தான் நோகும்” என்ற டாக்டர் என் பக்கம் திரும்பினார். “உனக்கென்ன விருப்பம், பிள்ளை?”

அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

“பேசாம இருந்தது போதும்” என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார்.

வீட்டுக் கப்பியைக் கழற்றியதில் உம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “பொண்ணு பாக்க வாறவங்களுக்கு என்னத்தச் சொல்ற?”

“உள்ளதச் சொல்லுவோம்” என்றார் வாப்பா.

சில வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்படியே சொன்னார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போன சிலர் திரும்பி வரவில்லை. தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு மாமி மட்டும் நேராக என்னிடமே கேட்டார்: “ஏத்தம் ஏறினா மூச்சு வாங்குமா, மகள்?”

“இந்த ஊர் ஏத்தத்தில எல்லாருக்கும் வாங்கும்தானே, மாமி.”

அவர் மகனைத்தான் கட்டினேன். முதுகு இன்றும் கோணல்தான். மூன்று பிள்ளைகளைச் சுமந்தேன். கடைசிப் பிள்ளையின்போது மட்டும் படுத்து உறங்க முடியாமல் சாய்கதிரையிலேயே கிடந்தேன்.