அட்டையில் இருந்த கிறுக்கல்

லிப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் 'இன்னொருதடவை'. ஒரு லிப்டைச் சோதித்து, அதன் பக்கத்தில் தொங்கும் அட்டையில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் பாதி வழி போனவர் திரும்பி வருவார். "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பார். வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும். மனைவி கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று, பிரேக்கைப் பார்க்காமலே 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஓடினார். மறுநாள் அந்த லிப்ட் தளத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. வெளியே கால் வைத்த ஒருவர் தடுக்கி விழுந்து முழங்கால் நொறுங்கியது. தகவல் கேட்டு ஓடிய மெக்கானிக், ஸ்ட்ரெச்சரில் போன முகத்தைப் பார்த்தார். பாகம் பழசு என்று கம்பெனி விஷயத்தை முடித்துவிட்டது. அவருக்குத்தான் முடியவில்லை.

மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிறு சர்ச்சுக்குப் போனால், அங்கே அதே முகம்! விந்தி விந்தி நடக்கும் தையல்காரர். சபையின் செயலாளரும் அவரே.

மெக்கானிக் கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டார். அப்படியே எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் எதையும் கழற்றிப் பார்க்காமல் விடுகிற ஆளா அவர்? கால் போன மனுஷன் எப்படி இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறார், உள்ளே என்னதான் ஓடுகிறது? அதைக் கண்டுபிடிக்கவே வாராவாரம் போனார். ஆராதனை நடுவே எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், தையல்காரர் கடைசி பெஞ்சுவரை விந்திக்கொண்டு வருவார்.

"உங்களுக்குச் சமாதானம், அண்ணே!"

மெக்கானிக் கையைச் சட்டென இழுத்துக்கொள்வார். கண்டுபிடிக்கப் போனவருக்கு ஜெபிக்கவும் வந்துவிட்டது, சமாதானம்தான் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து, அவரைச் சபையில் சேர்த்துக்கொள்ளப் பதிவேட்டைத் திறந்து வைத்தார் தையல்காரர். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

பேனா இறங்கவில்லை.

"உங்க கால்... அந்த லிப்டை நான்தான் பாத்தேன். இல்ல, பாக்கவே இல்ல. பாத்ததா எழுதிட்டுப் போயிட்டேன்."

தையல்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார். "போடுங்க, பாப்போம்."

மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். தையல்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"அட, இதேதான்! கால் உடைஞ்சு கிடந்தப்போ கண்ணுக்கு நேரா அந்த அட்டைதான் தொங்குச்சு. எழுத்துக் கூட்டிப் பாத்தும் பேரு பிடிபடல. மாசக்கணக்கா அந்தக் கிறுக்கலைத் திட்டினேன். தூக்கமே கிடையாது. கடைசியில ஒருநாள், 'ஆண்டவரே, இது யாரோ, நான் மன்னிச்சுட்டேன். நீரும் மன்னிச்சு, அந்த ஆளைத் தூங்க வையும்'னு கேட்டேன். அன்னிக்கு நான் தூங்கினேன். அப்பலேர்ந்து தினமும் அதையேதான் கேக்கறேன். யாரு இந்தக் கிறுக்கல்னு ஒரே குடைச்சல்... நீங்கதானா?"

மெக்கானிக் பதிவேட்டின் மேலேயே கவிழ்ந்து அழுதார். தையல்காரர் மெல்ல அதை உருவிக்கொண்டார். "மை கலைஞ்சுடும்ணே" என்றார்.

மறுநாள் மெக்கானிக் ஒரு லிப்டின் பிரேக்கை நிதானமாகச் சோதித்தார். கையெழுத்துப் போட்டார். நேரே வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"