நடுவில் வளர்ந்த எலும்பு

எங்கள் ஆய்வகத்தில் உலையைப் பார்த்துக்கொள்பவருக்கு உலைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவேன். எலும்பு உடைந்து போன இடத்தில் வைக்கிற பீங்கான் கூட்டைச் செய்வது அவர் வேலை. ஸ்பாஞ்சைப் பீங்கான் கூழில் முக்கிப் பிழிந்து உலையில் வைத்தால், ஸ்பாஞ்சு எரிந்துபோய் ஓட்டை ஓட்டையாகக் கூடு மட்டும் நிற்கும். அந்த ஓட்டைகளுக்குள் புது எலும்பு வளர வேண்டும். வளர்ந்ததா? எங்கே! முதல் சோதனையில் ஓரத்தில் மட்டும் வளர்ந்து, நடுவில் வெறுமையாகவே கிடந்தது. கூழ் ஓட்டைகளை அடைத்துக்கொள்கிறது என்று புரிந்து, பெரிய துளையுள்ள ஸ்பாஞ்சுக்கு மாறினோம்.

புதுக் கூட்டை ஓர் ஆட்டின் காலில் வைத்தார்கள். ஆட்டுக்குப் பேர் வைக்கக் கூடாது, காதில் எண் மட்டும்தான். அண்ணனும் பேர் வைக்கவில்லை. "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று ஆட்டுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்! மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் வீட்டில் பேச ஆள் இல்லை. மகனுக்குப் போன் போட்டால் "அப்புறம் பேசறேன்பா" என்பான், அந்த அப்புறம் வந்ததே இல்லை. வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் போய், உலை மக்கர் பண்ணியதிலிருந்து முழங்கால் வலி வரைக்கும் ஆட்டிடம் கொட்டித் தீர்ப்பார்.

"அது என்னண்ணே பதில் சொல்லுது?" என்று கேட்டேன்.

"குறுக்க பேசறதில்லம்மா. அது போதும்."

ஆடு நொண்டாமல் நடந்தது. எங்களுக்குச் சந்தோஷம், அவரோ ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரிடம் ஓடினார். எலும்பு நடுவில் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஆட்டைக் கொன்றுதான் ஆக வேண்டும்.

"நல்லாத்தானே நடக்கறாங்க டாக்டர். விட்டுடலாமே."

"ஓரம் மட்டும் வளந்திருந்தாலும் நடக்கும்ணே. நாளைக்கு மனுஷங்க கால்ல வைக்கப் போறோம். பார்க்காம எப்படி?"

டாக்டர் சொன்னதில் தப்பு கிடையாது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது?

ஊசி போட்ட அன்று அண்ணன் ஆட்டின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எலும்பை அறுத்தவள் நான், என் வேலை அது. மெல்லிசாகத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நடு முழுக்க எலும்பு! டாக்டர் துள்ளிக் குதித்தார். அண்ணனை இழுத்து வந்து பார்க்க வைத்தேன்.

"நடுவுலயும் வளந்திருக்கும்மா!" முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொல்ல நல்ல சேதி கிடைத்துவிட்ட அவசரத்தில் விறுவிறுவென்று கொட்டகைப் பக்கம் நடந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டார்.