கொட்டிலுக்குள் இருமல்

எங்கள் வீட்டில் இருமுவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. வளவின் பின்புறம், புகையிலைக்குப் புகை போடும் கொட்டில். அதற்குள் யார் போனாலும் இருமுவார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்பாவுக்கு வெளியிலும் இருமல் வரத் தொடங்கிய பிறகு அம்மாவுக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது.

எங்கள் இலை, அயலவர் இலை எல்லாவற்றையும் அப்பாதான் புகையில் பதப்படுத்திப் பாடம் போட்டார். தேங்காய் உரித்த பொச்சும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் மூட்டி, புகை வெளியே போகாமல் தென்னோலைக் கிடுகாலும் சாக்காலும் அடைத்துவிட்டுத் தானும் உள்ளே குந்தியிருப்பார். நெருப்பு புகைய வேண்டும், எரியக்கூடாது. எரிந்தால் இலை போச்சு. அதனால் கிட்ட இருந்து பார்த்தே ஆகவேண்டும். மீசை முளைத்த காலத்தில் தொடங்கிய வேலை. அந்தப் புகைநாற்றத்தை அப்பாவின் மணம் என்றே நினைத்து வளர்ந்தவள் நான்.

இந்திய ஆமி வருவதற்கு முந்திய வருடம், கிணற்றடிக்குப் போய் வருவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தாத குறை.

"உனக்கென்ன விசரே? நெஞ்சுக்கு மருந்தெடுக்கிற இடத்திலை ஆரும் கண்டால் கசமெண்டு கதை கட்டிப்போடுவினம். பிறகு உன்னை ஆர் கட்டுவான்?"

கசம் என்றால் காசநோய். அந்தச் சொல் ஒரு வீட்டின் மேல் விழுந்தால் அந்த வீட்டில் பெண்ணெடுக்க யாரும் வரமாட்டார்கள். எனக்கோ அப்போதுதான் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆக, என் கழுத்தில் தாலி ஏறும்வரை அப்பா இருமலை விழுங்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவோ, "கொம்மா சொல்லுறது சரிதான் பிள்ளை" என்று முடித்துவிட்டார்.

மாப்பிள்ளை பகுதி வந்த நாளில் அம்மாவின் ஏற்பாடு இதுதான்: இருமல் வரும்போல இருந்தால் அப்பா, "நெருப்பைப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பிக் கொட்டிலுக்குள் போய்விட வேண்டும். அதற்காகவே அன்று காலையில் இலை ஏற்றிப் புகை மூட்டியிருந்தார்கள். அப்பா எழும்பினார், போனார், வந்தார், மறுபடி போனார். மாப்பிள்ளையின் மாமன் பயத்தம் பணியாரத்தைக் கடித்தபடி, "நல்ல உழைப்பாளி மனுசன். ஆக்கள் வந்திருக்கேக்கையும் தொழிலை விடேல்லை" என்று மெச்சினார். அம்மா பூரித்துப்போனார். நான் தேத்தண்ணித் தட்டோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருமுறை போனவர் வரவில்லை. கொட்டிலுக்குள் சத்தமும் நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் "போகாதை" என்று இருந்தது. தட்டை வைத்துவிட்டு ஓடினேன். கொட்டில் வாசலுக்கு உட்புறம் அப்பா விழுந்து கிடந்தார். புதுச் சாறி கரியாக அவரை முற்றத்துக்கு இழுத்து வந்தேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ரை அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். கன காலமாய்!" என்று கத்தினேன். மாமன்தான் தாங்கள் வந்த காரில் அவரை ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். "உது கசம் இல்லை" என்றார் டொக்டர். "புகை குடிச்சுக் குடிச்சுச் சுவாசப்பை பழுதாப் போச்சு. கசமெண்டால் மருந்து குடுத்து மாத்தியிருப்பம். இது மாறாது. இனிப் புகைக்குக் கிட்டவும் போகக்கூடாது."

முதல் சொல்லோடு அம்மாவின் காது அடைத்துவிட்டது. டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து, "கசம் இல்லையாம்!" என்று வேலிக்கு மேலால் அயலுக்கெல்லாம் சொன்னார். அந்தச் சந்தோசத்தை நினைக்க இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், அழுகையும் வரும். மாப்பிள்ளை பகுதியும் சம்மதம் சொல்லி அனுப்பியது.

கலியாணத்தன்று ஐயர் ஓமம் வளர்த்தார். அந்தப் புகைக்கு முன்னால் அப்பாவால் இருக்க முடியவில்லை. பெரியப்பாதான் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார். அப்பா பந்தலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாகக் கதிரை போட்டு இருந்தார். மணவறையிலிருந்து எனக்கு அவர் முகம் தெரியவில்லை.